ஒலிவாங்கி இருக்கும் பாடசாலையில் பிள்ளை வாய் திறக்குமா?

பாடசாலை வாசலில் கமெரா பூட்டலாமா கூடாதா என்று இப்போது யாரும் வாதிடுவதில்லை. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பிறகு நாடெங்கும் பெற்றோர் முறை வைத்து வாசலில் நின்று புத்தகப்பைகளைச் சோதித்தார்கள். அந்தப் பயம் தணிந்த பின்னும் பாதுகாப்புக் குழுக்களும் கமெராக்களும் தங்கிவிட்டன. பழைய மாணவர் சங்கமோ நலன்விரும்பி ஒருவரோ வாங்கித் தருவதாகச் சொன்னால் எந்த அதிபரும் வேண்டாம் என்பதில்லை. ஆனால் இன்று கடையில் கிடைக்கும் கமெராக்கள் பலவற்றில் ஒலிவாங்கியும் சேர்ந்தே வருகிறது. அதை யாரும் கேட்டு வாங்குவதில்லை. அணைத்து வைக்கும்படி யாரும் சொல்லித் தருவதுமில்லை. படத்துக்காகப் பூட்டிய கருவி பேச்சையும் எடுத்து வைத்துக்கொள்கிறது. பதுளை, பசறை, லுணுகலை, பண்டாரவளை, அப்புத்தளைப் பகுதிகளின் தோட்டப் பாடசாலைகளில் பணியாற்றும் நாம் இது பற்றி ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும்.

எமது நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வகுப்பறையிலும் நடைபாதையிலும் பிள்ளைகளின் பேச்சைப் பதிவு செய்யும் கருவி தோட்டப் பாடசாலைக்கு வேண்டாம். பாதுகாப்பையும் அந்தரங்கத்தையும் எதிரெதிர்த் தட்டுகளில் வைத்து நிறுப்பது வழக்கம். தோட்டத்துப் பிள்ளையைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே தட்டில்தான் இருக்கின்றன.

இந்த விடயம் எமது வாசலுக்கு வர நாள் பிடிக்காது. 2025 ஜூலையில் இந்தியாவின் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தன்னோடு இணைந்த பாடசாலைகள் அனைத்துக்கும் ஒரு விதியைக் கொண்டுவந்தது. நுழைவாயில், நடைபாதை, படிக்கட்டு, வகுப்பறை, ஆய்வுகூடம், நூலகம், சிற்றுண்டிச்சாலை, விளையாட்டு மைதானம் எங்கும் ஒலியும் ஒளியும் சேர்ந்து பதிவாகும் கமெராக்கள் இருக்க வேண்டும். கழிப்பறைகளுக்கு மட்டும் விலக்கு. பதிவுகளைக் குறைந்தது 15 நாள் வைத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டிலுள்ள அவ்வாரியப் பாடசாலைகளையும் இது கட்டுப்படுத்துகிறது. அங்கே விதியாக வந்தது இங்கே விற்பனையாளரின் விலைப்பட்டியலில் ஒரு வரியாக வரும். அந்த விதி ஒலியையும் ஒளியையும் ஒன்றாகக் கட்டிவிட்டது. இரண்டும் ஒன்றல்ல. யார் யாரைத் தள்ளினார், யார் மதில் ஏறிக் குதித்தார் என்பதைப் படம் காட்டும். முந்தின நாள் இரவு வீட்டில் என்ன நடந்தது என்று ஒரு பிள்ளை தோழியிடம் சொன்னதை ஒலி கொண்டுபோகும்.

தோட்டத்தில் இது ஏன் கூடுதல் பாரதூரமானது என்பதை இவ்விதழின் வாசகர்கள் அறிவார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகள் சுவரோடு சுவராக நிற்கும் லயத்தில் ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும். தாய் கொழுந்து மலையிலோ, மத்திய கிழக்கில் யாரோ ஒருவரின் வீட்டிலோ இருப்பாள். பிள்ளைக்குத் தொல்லை கொடுப்பவர் அதே லயத்தில் இருக்கலாம், உறவினராகவும் இருக்கலாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கம் இருக்கிறது. ஆனால் அந்த இலக்கத்துக்கு யார் காதிலும் விழாமல் பேச லயத்தில் இடம் எது? பெரும்பாலான பிள்ளைகளுக்கு அப்படி ஓர் இடம் பாடசாலை மட்டுமே.

துன்பத்துக்கு உள்ளான பிள்ளை அதை வாக்குமூலம் போலச் சொல்வதில்லை. இடைவேளையில் கொப்பி கொண்டுவந்து வைக்கும்போது அரை வசனம் சொல்லும். "டீச்சர், நான் இன்னைக்கு வீட்டுக்குப் போகாம இருக்கலாமா?" என்று கேட்டுவிட்டு முகத்தைப் பார்க்கும். ஆசிரியர் பதறாமல், திட்டாமல், பக்கத்தில் நிற்பவரைக் கூப்பிடாமல் இருந்தால் மறுநாள் இன்னும் கொஞ்சம் வரும். கமெரா பேச்சையும் கேட்கிறது என்று தெரிந்த அன்றே அந்த அரை வசனம் நின்றுபோகும். தெரியாமல் பேசிவிட்டாலோ, யார் கையில் இருக்கிறது என்று எமக்கே தெரியாத ஒரு பெட்டிக்குள் அது போய்ச் சேரும். முதலாவதில் பாதுகாப்புப் போகிறது; இரண்டாவதில் பாதுகாப்போடு நம்பிக்கையும் போகிறது.

கருவி சொன்னபடியாவது வேலை செய்யுமா? அமெரிக்கப் பாடசாலைகளில் பூட்டப்பட்ட "ஆவேசம் கண்டறியும்" ஒலிக்கருவி ஒன்றை 2019இல் புரோபப்ளிகா செய்தி நிறுவனம் மாணவர்களை வைத்துச் சோதித்தது. இருமலுக்கும் சிரிப்புக்கும் அந்தக் கருவி அபாயம் என்றது. உண்மையான அலறல்கள் சிலவற்றைத் தவறவிட்டது. எமது பழைய தோட்டப் பாடசாலை மண்டபத்தில் தட்டி மறைப்புகளுக்கு இடையே பல வகுப்புகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஒரு பக்கம் வாய்ப்பாடு, மறு பக்கம் பாட்டு. ஐப்பசி பிறந்துவிட்டால் தகரக் கூரையில் மழை இறங்கும் சத்தத்தில் ஆசிரியரின் குரலே பின்வாங்குக்கு எட்டாது. அங்கே எந்தக் கருவி எதைப் பிரித்தறியும்? 2025 ஓகஸ்ட்டில் இன்னொன்றும் வெளிவந்தது. அமெரிக்கப் பாடசாலைக் கழிப்பறைகளில் மின்சிகரெட் புகையைக் கண்டுபிடிக்கப் பூட்டியிருந்த ஒருவகைக் கருவிக்குள் ஒலிவாங்கிகள் இருந்தன. வெளியாள் ஊடுருவி அதை ஒட்டுக்கேட்கும் கருவியாக மாற்றலாம் என்று ஆராய்ந்தவர்கள் செய்து காட்டினார்கள். கடவுச்சொல்லை மாற்றவே ஆளில்லாத ஒரு தோட்டப் பாடசாலையில் என்ன நடக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

தொழில்நுட்பக் கோளாறை என்றாவது ஒருநாள் சரிசெய்துவிடலாம். பதிவை யார் வைத்திருப்பது என்ற கேள்வியை அப்படித் தீர்த்துவிட முடியாது. 2018 ஜனவரியில் பதுளையில் ஒரு தமிழ் மகளிர் பாடசாலையின் அதிபர், மாணவர் அனுமதி தொடர்பாக அன்றைய மாகாண முதலமைச்சரின் உத்தியோகபூர்வ இல்லத்துக்கு அழைக்கப்பட்டு மண்டியிட வைக்கப்பட்டார் என்ற முறைப்பாடு நாட்டையே உலுக்கியது. முதலமைச்சர் தம்மிடமிருந்த மாகாணக் கல்வி அமைச்சுப் பொறுப்பிலிருந்து விலக நேர்ந்தது. கைதாகிப் பிணையில் வந்தார். ஓர் அனுமதிக் கடிதத்துக்காக அதிபர் மீது இவ்வளவு அழுத்தம் வரக்கூடிய ஊரில், "அந்த வகுப்பில் அன்றைக்கு என்ன பேசினார்கள், பதிவைக் கொடுங்கள்" என்று அரசியல்வாதியோ தோட்ட நிர்வாகமோ தொழிற்சங்கப் பிரமுகரோ கேட்டால் அதிபர் எதைக் காட்டி மறுப்பார்? அப்பா எங்கே கசிப்பு வாங்குகிறார், அம்மா யார் மூலம் வெளிநாடு போனார், சம்பளப் பிரச்சினையில் பெரியப்பா என்ன சொன்னார் என்று பிள்ளைகள் கள்ளமில்லாமல் பேசுவார்கள். இல்லாத பதிவை யாரும் பறித்துக்கொண்டு போக முடியாது.

சட்டமும் இதே திசையைத்தான் காட்டுகிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 16 வயதுக்குக் குறைந்தவரைப் பிள்ளை என்கிறது. பிள்ளை பற்றிய தரவை விசேட வகையில் சேர்த்து, சம்மதம் பெற்றோர் அல்லது பாதுகாவலரிடமிருந்து வரவேண்டும் என்கிறது. அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவது பிற்போடப்பட்டு, 2025இல் சட்டம் திருத்தவும்பட்டது. தாமதத்தை அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சம்மதக் கையொப்பத்தை நம்பி இருந்துவிடவும் முடியாது. சுவீடனின் ஷெலெஃப்தியோ நகரில் ஒரு பாடசாலை வரவு எடுப்பதற்காக 22 மாணவர்களின் முகங்களைக் கருவியால் அடையாளம் கண்டது. பெற்றோர் சம்மதித்திருந்தார்கள். பாடசாலைக்கு முன்னால் குடும்பம் சமநிலையில் இல்லை, ஆகவே அந்தச் சம்மதம் செல்லாது என்று கூறிய அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை, 2019இல் இரண்டு இலட்சம் குரோணர் தண்டம் விதித்தது. சுவீடன் நகரத்துப் பெற்றோரின் நிலை அதுவென்றால், பிள்ளையை முதலாம் ஆண்டில் சேர்க்க அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வரும் தாய் நீட்டிய தாளில் கையெழுத்திடாமல் போவாளா?

எதிர்வாதம் ஒன்று உண்டு, அது பலமானது. பிள்ளைக்குத் தொல்லை ஆசிரியரிடமிருந்தே வந்தால்? உடல்ரீதியான தண்டனையை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கல்வி அமைச்சுச் சுற்றறிக்கை தடுக்கிறது. ஆசிரியர் அறைந்ததில் மாணவர் ஒருவரின் செவிப்புலன் பாதிக்கப்பட்ட வழக்கில், அது அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் 2021 பெப்ரவரியில் தீர்ப்பளித்தது. பிரம்பைப் படம் காட்டும். "தோட்டத்தான்" என்ற வசையை ஒலிதான் காட்டும். பிள்ளையின் சொல்லுக்கும் ஆசிரியரின் சொல்லுக்கும் இடையில் எப்போதும் ஆசிரியரின் சொல்லே எடுபடுகிறது என்பதும் உண்மை. இந்த வாதத்தை நாம் தட்டிக்கழிக்கவில்லை. ஆனால் அந்தப் பதிவு இருக்கப்போவது குற்றம் சாட்டப்பட்ட அதே பாடசாலையின் அலுமாரியில். பாதகமானது அழியும், சாதகமானது வெட்டி ஒட்டப்பட்டு வட்ஸ்அப்பில் போகும். நீதிமன்றத்துக்குப் போனாலும், 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சாட்சிய விசேட ஏற்பாடுகள் சட்டத்தின்படி பதிவு எந்த வகையிலும் மாற்றப்படாததாக இருக்க வேண்டும். பாடசாலைக்கு வெளியே, ஆசிரியரின் மேலதிகாரியாக இல்லாத ஒருவரிடம் முறையிட வழியிருப்பதே இந்தப் பிள்ளைக்குத் தேவை. பிரதேச செயலகத்தின் சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தரும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் தவணைக்கு ஒரு தடவையாவது வந்து, ஆசிரியர் இல்லாத வேளையில் பிள்ளைகளோடு பேசட்டும்.

பதிவே கூடாது என்பதல்ல எமது கட்சி. 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் பிள்ளையின் ஆரம்ப வாக்குமூலத்தை ஒளிப்பதிவாக நீதிமன்றத்தில் முன்வைக்க இடமளிக்கிறது. அதைப் பயிற்சி பெற்றவர் செய்கிறார், பிள்ளை அறிந்திருக்கிறது, நோக்கம் ஒன்றே. நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லும் வேதனையிலிருந்து அது பிள்ளையைக் காக்கிறது.

ஒலிக்கருவிக்கென்று பணம் இருந்தால் அதற்கும் எமது மலைகளில் வேலை இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணில் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி பதுளை மாவட்டத்தை மறுபடி நிலைகுலைய வைத்தது. மண்சரிவு எச்சரிக்கையைப் பாடசாலைக்கும் கீழ் லயத்துக்கும் கேட்கும்படி சொல்லும் ஒலிபெருக்கியும் மின்சாரம் நின்றாலும் இயங்கும் சைரனும் பிள்ளைகளிடமிருந்து எதையும் எடுப்பதில்லை.

அதிபர்களும் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர்களும் இந்தத் தவணையிலேயே செய்யக்கூடியவை சில. இருக்கும் கமெராக்களின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து ஒலியை அணையுங்கள். முதலில் வந்த கடவுச்சொல்லை மாற்றுங்கள். இனி வாங்குவதை ஒலிவாங்கி இல்லாததாக வாங்குங்கள். கமெரா வாசலையும் மதிலையும் பார்க்கட்டும். படப்பதிவை யார் பார்க்கலாம், எத்தனை நாளில் அழிக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி அலுவலகத்தில் ஒட்டுங்கள். யார் கேட்டாலும் எழுத்தில் கேட்கட்டும், அந்தக் கோரிக்கை வலயக் கல்விப் பணிமனைக்கும் போகட்டும். பிள்ளையோடு தனியாகப் பேச அறை இல்லாத பாடசாலையில், மைதானத்து ஓரத்தில் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற, யார் காதுக்கும் எட்டாத இடத்தில் இரண்டு கதிரைகள் போதும். பிள்ளை ஏதாவது வெளிப்படுத்தினால் தொலைபேசியில் பதிவு செய்யாதீர்கள். பிள்ளை சொன்ன சொற்களிலேயே, திகதியும் நேரமும் இட்டு எழுதி, 1929க்கு அறிவியுங்கள். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம் என்பதை ஆசிரியர் அறையில் உள்ள எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

ஊவா மாகாணக் கல்வித் திணைக்களத்திடம் எமது கோரிக்கை ஒன்றுதான். பாடசாலைகளில் ஒலிப்பதிவு பற்றித் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு சுற்றறிக்கை வேண்டும். அது இருந்தால், அழுத்தம் வரும் நாளில் அதிபர் தன் துணிவை மட்டும் நம்பி நிற்க வேண்டியதில்லை. விதியைக் காட்டி மறுக்கலாம். நன்கொடைக் கமெராக்கள் எல்லாப் பாடசாலைக்கும் வந்து சேருமுன் அந்தச் சுற்றறிக்கை வரட்டும்.