கறுப்பா, பச்சையா என்று கேட்காதீங்கோ

'ஹவுஸ் ஒஃப் த ட்ராகன்' பார்த்த ஆக்கள் முதலில் கேட்கிறது: "நீங்கள் ரெனீராவின்ர கறுப்பா, அலிசென்டின்ர பச்சையா?" நாங்கள் ரெண்டும் இல்லை.

டிரிஃப்ட்மார்க்கைப் பாருங்கோ. கப்பலால் பணம் சேர்த்த கடலோரச் சிற்றரசு. அதன் சிம்மாசனம் ஆருக்கு என்று வெலேரியன் குடும்பமே அடிபடுகிறது. லூசெரிஸ் எங்கட ரத்தமில்லை என்று வேமண்ட் அரசவையில் கத்துகிறான். டேமன் அவன்ர தலையைச் சீவுகிறான். 2022இல் அந்தக் காட்சிக்கு நாங்களும் கைதட்டினோம். இப்ப வெட்கமாக் கிடக்கு.

ஏனென்றால், ரத்தம் ரத்தம் என்று கத்தின அந்த வீட்டுத் தலைவர் கோர்லிஸின் சொந்த ரத்தம் துறைமுகத்தில் கப்பல்வேலை செய்துகொண்டிருந்தது. அலினும் அடமும் அவர் பெயர் கொடுக்காத பிள்ளைகள். 2024இல் வந்த இரண்டாம் பருவத்தில், தான் பசியோடு வளர்ந்ததை அலின் தகப்பனின் முகத்துக்கு நேரே சொல்கிற இடந்தான் தொடரிலேயே நேர்மையான இடம்.

அதே பருவத்தில் வெலேரியன் கப்பல்கள் கடலை மறிக்கின்றன. தலைநகரில் சனம் பட்டினி. பிறகு அதே ரெனீரா படகில் சாப்பாடு அனுப்ப, சனம் பச்சைக்காரருக்கு எதிராகத் திரும்புது. பட்டினி போட்ட கையே பந்தி வைக்குது! இதைக் கெட்டித்தனம் என்று மெச்சுகிற ஆக்களோடுதான் எங்கட சண்டை.

பிரபுக்களில் ஆர் நல்லவர் என்று தேடுறதை விடுவம். கப்பல் கட்டினவன் சாப்பிட்டானா என்று கேட்பம்.