கிருமியின் கவசமும் தமிழ் மாணவர் கடனும்

உயிர்நூல் ஆராய்ச்சியால் இலக்கியம் பயில்வார்க்கு ஆவது யாது என்று நம் மாணவருட் சிலர் வினவுகின்றனர். அவ்வினா பொருந்தாது என்பதற்கு ஒரு சான்று காட்டுவேன்.

குழந்தைகட்கு நுரையீரல் அழற்சியும் மூளையுறைக் காய்ச்சலும் விளைக்கும் நுண்ணுயிர்களுள் ஒன்று நியூமோகாக்கஸ். காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த காலத்தே, 1881-ஆம் ஆண்டில், பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டரும் அமெரிக்க மருத்துவர் ஸ்டெர்ன்பெர்கும் இதனைத் தனித்தனியே கண்டு வெளியிட்டனர். இதன் வலிமையெல்லாம் இதன் கவசத்தில் உளது. சருக்கரை அலகுகளைக் கோத்து நீண்ட இழைகளாக்கி, அவற்றைத் தன் புறச்சுவரோடு வேதிப்பிணைப்பால் இது இறுகக் கட்டிக்கொள்கின்றது. அவ்விழை சுவரிலுள்ள எவ்வலகைப் பற்றி நிற்கின்றது என்பதை 2017-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டிற்று. கவசமிழந்த கிருமியை நம் வெள்ளணுக்கள் எளிதில் விழுங்கும். கவசமுடையதனைப் பற்றமாட்டாது தோற்கும்.

வளர்ந்தோர் உடல் இச்சருக்கரையைப் பகையென உணரவல்லது. இரண்டு வயதிற்குட்பட்ட மகவின் உடலோ, அதனைத் தனியே காட்டின் நன்கு உணராது; புரதத்தோடு பிணைத்துக் காட்டின் உணரும். இப்பிணைப்பின் பயனை 1931-ஆம் ஆண்டில் ஏவரி, கோபல் என்னும் அறிஞர் முயல்களிற் கண்டனர். கிருமி சுவரோடு கட்டிய சருக்கரையை மனிதன் புரதத்தோடு கட்டி, அதன் கவசத்தையே அதற்குப் பகையாக்கினான். இத்தகைய தடுப்பூசி 2021-ஆம் ஆண்டில் இந்திய நாடு முழுவதற்கும் விரிக்கப்பட்டது. 6-ஆம் வாரம், 14-ஆம் வாரம், 9-ஆம் மாதம் என மும்முறை இலவசமாக இடப்படுகின்றது.

ஊசியிட்டபின் மகவிற்குச் சிறிது காய்ச்சல் காணலாம். காரணம் அறியாத தாய் அஞ்சி அடுத்த முறை வாராதிருத்தல் இயல்பே. அவளைப் பழித்தல் முறையன்று. விளங்கச் சொல்லாத நாமே பழிக்குரியேம். நாளை மட்டும் குறித்தனுப்பினாற் போதும், காரணம் அவர்கட்கு விளங்காது என்பாரும் உளர். கிளிஞ்சல்மேட்டுக் கடற்கரையில் வலை முடியும் பெண்ணுக்கு முடிச்சின் வலிமை தெரியாதோ? கிருமி கவசத்தைச் சுவரோடு முடிந்திருப்பதையும், மருத்துவர் அதனை வேறொன்றோடு முடிந்து மகவின் உடலுக்கு அடையாளங் காட்டுவதையும் நல்ல தமிழிற் கூறின், அவள் நம்மினும் விரைவில் உணர்வாள்.

அங்ஙனம் கூறுதற்குரிய சொல்லைத் தேடித் தருதல் யார் கடன்? மருத்துவர் பொருளை அறிவர். அதனை மக்கள் மொழியில் வைத்தல் தமிழ் கற்றார் பணியாகும். செய்யுளுக்கு உரை காணப் பழகிய நாம் ஓர் ஊசிக்கு உரை கூற நாணுவதேன்? நமக்கு அளிக்கப்பட்ட தாலந்தைப் புதைத்து வைத்தல் தகாது. விடுமுறையில் ஊர் செல்லும் ஒவ்வொருவரும் ஒரு தாய்க்கேனும் இதனை விளக்குவாராக.