விருந்தாளி வரும் நாளில் ஆட்டம் இருந்தால்...

பிழைக்கப் போன ஊரில் விருந்தாளியை வரவேற்பது, பிறந்த ஊரில் வரவேற்பதைப் போன்றதன்று. பிறந்த ஊரில் வீடு இருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் வேலைக்குப் போனால் வந்தவரை இன்னொருவர் கவனித்துக் கொள்வார். பிழைக்கப் போன ஊரிலோ, வரவேற்பவரே சமையற்காரர், வழிகாட்டி, மொழிபெயர்ப்பாளர் எல்லாம். அத்துடன் அவருக்கு ஒரு வேலையும் இருக்கிறது. அந்த வேலை சனி, ஞாயிறுகளில்தான் நடக்கும் என்றால் சங்கடம் இரு மடங்காகி விடுகிறது. ஜெர்மனிக்குச் சென்று பேஸ்பால் ஆடும் அமெரிக்க இளைஞர்களின் நிலை இதுதான்.

கால்பந்தே மூச்சாக உள்ள ஜெர்மனியில் பேஸ்பாலுக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். கிரிக்கெட்டுக்குத் தூரத்துச் சொந்தமான அந்த ஆட்டம் அங்கு வேரூன்றிய கதையே ஒரு விருந்தாளியின் கதைதான்.

படையினர் விட்டுச் சென்ற ஆட்டம்

1936ல் பெர்லினில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்தபோது, ஆகஸ்ட் 12ந் தேதி இரவில் இரண்டு அமெரிக்க அணிகள் பேஸ்பாலை ஆடிக் காட்டின. அரங்கு நிறையக் கூட்டம் இருந்தது. ஆனால் பார்த்தவர்களில் பெரும்பாலோருக்கு ஆட்டம் விளங்கவில்லை. யுத்தம் முடிந்த 1945ல், ஹிட்லரின் இளைஞர் படை அணிவகுத்து நின்ற நூரம்பெர்க் அரங்கில் அமெரிக்கச் சிப்பாய்கள் தங்களுக்குள் சாம்பியன் போட்டி நடத்தினர். அதில் வென்ற அணியில் லியான் டே, வில்லார்ட் பிரௌன் என்ற இரு கறுப்பின ஆட்டக்காரர்கள் இருந்தனர். அவர்கள் தாய்நாட்டிலேயே பெரிய லீக்குகளின் கதவு கறுப்பர்களுக்கு அப்போது திறந்திருக்கவில்லை. ஜாக்கி ராபின்சன் அந்தக் கதவைத் திறந்தது 1947ல்தான் என்பதை நினைத்தால், நூரம்பெர்க் ஆட்டத்தின் பெருமை புரியும்.

பிறகு மன்ஹைம், ஹைடல்பெர்க், பிராங்பர்ட் முதலிய நகரங்களில் அமெரிக்கப் படைத்தளங்கள் அமைந்தன. வேலிக்கு வெளியே நின்று பார்த்த ஜெர்மன் சிறுவர்கள் கையுறையும் மட்டையும் கேட்டு வாங்கி ஆடத் தொடங்கினர். 1951 முதல் ஜெர்மன் சாம்பியன் பட்டத்துக்குப் போட்டி நடந்தது. இடையில் பல ஆண்டுகள் நின்று போய், 1982ல் மீண்டும் உயிர் பெற்றது. 1984ல் பேஸ்பால் பண்டஸ்லிகா என்ற தேசிய லீக் உருவாயிற்று. மன்ஹைமில் உள்ள மைதானத்துக்கு ராபர்ட்டோ கிளெமென்டே என்ற ஆட்டக்காரரின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. நிகரகுவா பூகம்பத்தில் தவித்தவர்களுக்கு நிவாரணப் பொருட்களை ஏற்றிச் சென்ற விமானம் விபத்துக்குள்ளாகி, 1972 டிசம்பர் 31ல் உயிர் நீத்தவர் அவர். பிறருக்கு உதவப் போய் மாண்டவரின் பெயர் ஒரு பிற நாட்டு மைதானத்தில் நிலைத்திருப்பது பொருத்தமே.

ஹைடல்பெர்கிலும் மன்ஹைமிலும் இருந்த படைத்தளங்களில் பெரும்பாலானவை 2010க்குப் பிந்தைய ஆண்டுகளில் மூடப்பட்டு விட்டன. சிப்பாய்கள் போய்விட்டார்கள், ஆட்டம் தங்கி விட்டது. இன்று அமெரிக்காவிலிருந்து வருபவர்கள் சீருடைச் சிப்பாய்கள் அல்லர். கிளப்புகள் அழைத்து வரும் ஆட்டக்காரர்கள். கல்லூரி அணியில் ஆடி முடித்து, பெரிய லீக்கில் இடம் கிடைக்காமல், இன்னும் ஓரிரு ஆண்டுகள் ஆடிப் பார்ப்போமே என்று வருபவர்களே அவர்களில் அதிகம்.

நட்சத்திரமா, ஊழியரா?

இந்தக் கிளப்புகள் பணக்காரக் கம்பெனிகள் அல்ல. பதிவு செய்யப்பட்ட சங்கங்கள். ஜெர்மன் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்து விடலாம். உள்ளூர் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் சம்பளம் இல்லாமல், சந்தா கட்டி ஆடுபவர்கள். ஆட்டம் முடிந்ததும் களிமண் தரையை வாரியால் சமன் செய்பவர்களும் அவர்களே. மழை வந்தால் தார்ப்பாய் இழுப்பவர்களும் அவர்களே. ஒருவர் ஸ்கோர் எழுதுவார். இன்னொருவரின் தாயார் பார்வையாளர்களுக்குச் சுட்ட இறைச்சியும் கேக்கும் விற்பார். அந்தப் பணத்தில்தான் அடுத்த ஆண்டுக்குப் பந்து வாங்க வேண்டும்.

அழைத்து வரப்பட்ட அயல்நாட்டு ஆட்டக்காரருக்குக் கிளப் தருவது பொதுவாக விமான டிக்கெட், தங்க ஓர் அறை, ஒரு சைக்கிள், கைச்செலவுக்குச் சிறு தொகை. அதற்கு ஈடாக அவர் ஆட வேண்டும். வார நாட்களில் சிறுவர்களுக்குப் பயிற்சியும் தர வேண்டும். ஆட்டங்கள் சனி, ஞாயிறுகளில். பெரும்பாலும் ஒரே எதிரணியுடன் இரண்டு ஆட்டங்கள். பார்க்க வருபவர்கள் சில நூறு பேர் என்றால் நல்ல கூட்டம்.

ஆனால் அந்த இளைஞர் ஊருக்கு எழுதும்போது இதையெல்லாமா எழுதுவார்? "ஐரோப்பாவில் தொழில்முறை ஆட்டக்காரராக இருக்கிறேன்" என்றுதான் எழுதுவார். அதில் பொய் ஏதுமில்லை; முழு உண்மையும் இல்லை. கூடப் படித்த நண்பர் அதை நம்பி, "கோடை விடுமுறையில் வருகிறேன், பத்து நாள் உன்னோடு தங்குகிறேன்" என்று பதில் எழுதி விடுகிறார். சிக்கல் அங்குதான் ஆரம்பமாகிறது.

வருபவர் மனதில் இருப்பது பவேரிய மலை மேல் உள்ள நாய்ஷ்வான்ஸ்டைன் அரண்மனை, பெர்லின் சுவரின் மிச்சம், முனிச் நகரத்து பீர்த் தோட்டங்கள். வரவேற்பவர் மனதில் இருப்பது செவ்வாய், வியாழன் பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை இன்னோர் ஆட்டம். நண்பருக்கு ஓய்வாக உள்ள நாட்கள் எல்லாம் இவருக்கு வேலை நாட்கள். போதாக்குறைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெர்மனியில் கடைகள் அநேகமாக மூடியிருக்கும். சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன்பே ரொட்டியும் பாலும் வாங்கி வைக்க மறந்தவர், மறுநாள் விருந்தாளியை ரயில் நிலையத்துக் கடைக்கு அழைத்துச் செல்வதைத் தவிர வேறு வழியில்லை.

இரண்டு தவறான வழிகள்

இந்த நெருக்கடியில் இரண்டு வழிகள் எளிதாகத் தோன்றும். ஒன்று, உடம்பு சரியில்லை என்று கிளப்புக்குச் சொல்லி விட்டு நண்பருடன் ஊர் சுற்றப் போய்விடுவது. மற்றது, ஒரு வரைபடத்தையும் ரயில் அட்டவணையையும் நண்பர் கையில் கொடுத்து, "நீயே சுற்றிப் பார்த்து விட்டு வா" என்று அனுப்பி விடுவது.

முதல் வழி கிளப்புக்குச் செய்யும் துரோகம். பேஸ்பாலில் களத்தில் நிற்பவர்கள் ஒன்பது பேர். சிறிய கிளப்பில் மாற்று ஆட்கள் அதிகம் இருப்பதில்லை. அயல்நாட்டிலிருந்து அழைத்து வரப்பட்டவர் வழக்கமாக முக்கியமான இடத்தில் நிற்பவர். அறுபது அடிக்கு மேல் தூரத்திலிருந்து பந்தெறியும் பிட்ச்சராகவோ, அந்தப் பந்தைப் பிடிக்கும் காட்ச்சராகவோ இருப்பார். அவர் ஒரு நாள் வராவிட்டால் பாதிக்கப்படுபவர்கள் சந்தா கட்டி ஆடும் எட்டுப் பேரும், அவரைப் பார்த்துப் பந்தெறியக் கற்றுக் கொள்ளும் சிறுவர்களும்தான்.

இரண்டாவது வழி நட்புக்குச் செய்யும் துரோகம். அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்தவர் கோட்டைகளைப் பார்க்க மட்டும் வரவில்லை. கோட்டைகளைக் காட்டச் சுற்றுலாக் கம்பெனிகள் இருக்கின்றன. நண்பர் எப்படி இருக்கிறார், என்ன சாப்பிடுகிறார், யாருடன் பழகுகிறார் என்று பார்க்கத்தான் வந்திருக்கிறார்.

அப்படியானால் எது சரியான வழி? விருந்தாளியை வேலைக்கு அழைத்துச் செல்வதே சரியான வழி. சனிக்கிழமை காலையில் மைதானத்துக்கு அழைத்துப் போய், கையில் ஒரு வாரியைக் கொடுக்கலாம். அவருக்கும் பேஸ்பால் தெரியும். சிறுவர் பயிற்சியில் பந்தெறிந்து உதவலாம். மாலையில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும்போது, பத்து நாள் சுற்றுலாவில் அறிமுகமாகாத ஜெர்மனி அந்த மேஜையில் அறிமுகமாகி விடும். அரண்மனைக்குத் திங்கட்கிழமை போய்க் கொள்ளலாம். அது எங்கும் போய்விடாது.

கிளப்புக்கும் இதில் கடமை உண்டு. "ஆட்டக்காரரைத்தான் அழைத்தோம், அவருடைய நண்பர் அவர் பாடு" என்று சில நிர்வாகிகள் நினைக்கலாம். கணக்குப்படி அது சரியே. ஆனால் மாதக் கணக்கில் மொழி தெரியாத சிற்றூரில் தனியாக இருக்கும் இளைஞருக்குச் சொந்த ஊரிலிருந்து ஒரு முகம் வருவது, நூறு பயிற்சிக்குச் சமமான தெம்பைக் கொடுக்கும். வெளியூர் ஆட்டத்துக்குப் போகும் வண்டியில் ஓர் இடமும், மேஜையில் ஒரு தட்டும் கொடுப்பதால் சங்கம் நொடித்துப் போய்விடாது. மறு ஆண்டும் அந்த இளைஞர் அதே கிளப்புக்கு வர வேண்டும் என்று விரும்பினால், சம்பளத்தைவிட இது அதிகமாக உதவும்.

பணமும் சட்டமும்

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசத்தான் வேண்டும். ஜெர்மன் உணவு விடுதியில் பில் கொண்டு வருபவர், "சேர்த்தா, தனித்தனியாகவா?" என்று கேட்பார். அந்தக் கேள்வியில் அவமரியாதை எதுவும் இல்லை. கைச்செலவுக்கு மட்டும் பணம் பெறும் ஓர் ஆட்டக்காரர் பத்து நாளும் "சேர்த்து" என்று சொல்லிக் கொண்டிருந்தால், விருந்தாளி போன பிறகு மாதக் கடைசி வரை ரொட்டியும் வெண்ணெயும்தான். வந்தவர் தாமாகவே "தனித்தனியாக" என்று சொல்வது நாகரிகம். சொல்லாவிட்டால் நிலைமையை அவரிடம் எடுத்துச் சொல்வது தவறன்று.

சட்டமும் குறுக்கே நிற்கும். அமெரிக்கர் ஜெர்மனிக்கு விசா இல்லாமல் வரலாம். 180 நாட்களில் 90 நாட்கள் வரை தங்கலாம். இந்தியருக்கு அப்படியில்லை. விசா வேண்டும், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். தம் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட முடியாவிட்டால், அங்கே வரவேற்பவர் தம் ஊர் வெளிநாட்டினர் அலுவலகத்துக்குப் போய், தம் வருமானத்தைக் காட்டி, விருந்தாளியின் செலவு முழுவதையும் தாமே ஏற்பதாக எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஜெர்மனியில் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போன தமிழ்ப் பெற்றோர் பலர் இந்தக் காகிதத்தை அறிவார்கள். அன்பைக் கூடவா எழுதி வாங்குவது என்று முதலில் தோன்றும். விருந்தோம்பல் வாய்ச்சொல்லால் முடிவதன்று, அதற்கு ஒரு பொறுப்பு உண்டு என்று அந்தக் காகிதம் நினைவூட்டுவதாக எடுத்துக் கொள்ளலாம்.

மறைக்க வேண்டியது எது?

எல்லாவற்றையும்விடப் பெரிய சங்கடம் பணமும் அன்று, நேரமும் அன்று, கூச்சம்தான். தொழில்முறை ஆட்டக்காரர் என்று எழுதியவரின் ஒற்றை அறையையும், துருப்பிடித்த சைக்கிளையும், பாதி காலியான இருக்கைகளையும் நண்பர் பார்க்கப் போகிறாரே என்ற கூச்சம். அதனால்தான் சிலர் நண்பரை மைதானத்துக்கே அழைத்துச் செல்லாமல் ஊர் ஊராகச் சுற்றுகிறார்கள்.

இந்தக் கூச்சம் வெளிமாநிலத் தமிழர்களுக்குப் புதிதன்று. பம்பாயில் நல்ல வேலை என்று ஊருக்கு எழுதியவர்கள், சித்தப்பாவும் சித்தியும் வந்து இறங்கியபோது தாராவியில் ஒற்றை அறையைக் காட்டத் தயங்கியதுண்டு. பெங்களூரில் ஷிப்டு வேலை பார்த்தவர்கள், வந்த உறவினரைக் கூட்டிக் கொண்டு லால்பாக்கைச் சுற்றிக் காட்டி விட்டுத் தொழிற்சாலை வாசலை மட்டும் காட்டாமல் அனுப்பியதுண்டு. வந்தவர்கள் ஒற்றை அறையைப் பார்த்து இளக்காரம் செய்யவில்லை. பெரும்பாலும் அங்கேயே பாயை விரித்துப் படுத்து, "இவ்வளவு கஷ்டத்திலும் ஊருக்குப் பணம் அனுப்பினாயே" என்று கண் கலங்கியவர்கள்தான் அதிகம்.

பேஸ்பால் ஆட்டக்காரரும் மறைக்க வேண்டியதில்லை. பெர்லினில் பிறந்து, ரேகன்ஸ்புர்க் கிளப்பில் பயிற்சி பெற்ற மாக்ஸ் கெப்ளர் 2019ல் அமெரிக்கப் பெரிய லீக்கில் ஒரே பருவத்தில் 36 ஹோம் ரன் அடித்தார். ஜெர்மனியில் ஆடிப் பழகிய டொனால்ட் லுட்ஸ் 2013ல் சின்சினாட்டி அணியில் இடம் பெற்றார். இத்தகைய பிள்ளைகள் உருவாவது சில நூறு பேர் மட்டும் பார்க்கும் இந்த மைதானங்களில்தான். செவ்வாய்க்கிழமை மாலையில் பத்து வயதுச் சிறுவனுக்குக் கையுறையைப் பிடிக்கக் கற்றுத் தருபவரின் வேலை சிறிய வேலையன்று.

ஆகவே நண்பர் வருகிறார் என்றால் ஆட்ட அட்டவணையை முன்கூட்டியே அவருக்கு எழுதி அனுப்பி விடுவது நல்லது. அறை சிறியது, படுக்கை தரையில்தான், சனிக்கிழமை ஆட்டம் உண்டு, நீயும் வேலை செய்ய வேண்டியிருக்கும் என்று எழுதி விடலாம். அதைப் படித்த பிறகும் டிக்கெட் வாங்குபவரே நண்பர். அவர் திரும்பிப் போய் ஊரில் சொல்லப் போவது அரண்மனையைப் பற்றி அல்ல. மழை நின்ற பிறகு முழங்கால் சேற்றில் தார்ப்பாயை இழுத்த இருபது பேரைப் பற்றியும், அவர்களில் ஒருவராகத் தம் நண்பர் நின்றதைப் பற்றியும்தான்.