ஆணியில் தொங்கும் பை

கல்லூரி திறந்துவிட்டால் போதும். புத்திமதி சொல்லப் பெரியவர்கள் வரிசையாக வந்துவிடுவார்கள். "மேஜையைச் சுத்தமாக வைத்துக்கொள், தம்பி. பாடத்துக்கு ஒரு கோப்பு போடு. புத்தகங்களை அலமாரியில் அடுக்கு. கால அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டு." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மேஜைக்கு எங்கே போவது? அலமாரிக்கு எங்கே போவது? அட்டவணை ஒட்டச் சுவரில் இடம் வேண்டாமா? அங்கே சாமி படம், காலண்டர், தாத்தாவின் போட்டோ எல்லாம் முன்பே குடியேறிவிட்டனவே!

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர் என்று கடலை ஒட்டி நீளும் வடசென்னையில், துறைமுகத்தையும் மீன்பிடித் தொழிலையும் ஆலைகளையும் நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். பல வீடுகள் ஒரே அறைதான். அதிலேயே சமையல், அதிலேயே படுக்கை. அப்பா விடியுமுன் படகுக்குப் போகிறவரானால் இரவு எட்டு மணிக்கே விளக்கை அணைத்தாக வேண்டும். ஆலையில் இரவு ஷிப்டு முடிந்து வருகிறவரானால் பகலில் யாரும் மூச்சுவிடக் கூடாது. அந்த வீட்டிலிருந்து ஒரு பிள்ளை கல்லூரிக்குப் போகிறது. அநேகமாக அந்தக் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளை அதுதான்.

அந்தப் பிள்ளையின் மேஜை, அலமாரி, கோப்பு எல்லாமே ஆணியில் தொங்கும் ஒரு பைதான். நோட்டுகள் அதில்தான். ஜெராக்ஸ் எடுத்த தாள்கள் அதில்தான். சாப்பாட்டு டப்பாவும் குடையும் அதில்தான். சாம்பார் சிந்தினால் முதலில் நனைவது பொருளாதாரமா, புள்ளியியலா என்பது அவரவர் அதிர்ஷ்டம். தம்பி ராக்கெட் செய்யக் கிழித்த தாள் எது என்று விசாரித்தால், மறுநாள் ஒப்படைக்க வேண்டிய அசைன்மென்டின் மூன்றாம் பக்கமாக இருக்கும்.

வகுப்பில் அந்தப் பக்கம் இல்லாமல் போய் நிற்கும்போது கிடைக்கும் பட்டம்: "பொறுப்பில்லாத பிள்ளை." இந்தப் பட்டம் அநியாயமானது. இடமில்லாத குறையைக் குணமில்லாத குறையாகக் கணக்கு எழுதுவதுதான் இது.

இருபத்தைந்து மதிப்பெண்

ஒரு தாள் தொலைந்தால் குடிமுழுகிவிடுமா என்று கேட்பவர்கள் பழைய காலத்தை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வருஷம் முழுவதும் சும்மா இருந்துவிட்டு, மார்ச் மாதம் விழுந்து விழுந்து படித்துப் பாஸ் செய்த காலம் மலையேறிவிட்டது. இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு பரீட்சை. சென்னைப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த இளநிலைக் கலை, அறிவியல் வகுப்புகளில் பொதுவாக ஒரு தாளுக்கு 100 மதிப்பெண் என்றால், 75தான் பரீட்சை ஹாலில் கிடைக்கும். மீதி 25 கல்லூரியிலேயே போடப்படுவது. உள்தேர்வு, அசைன்மென்ட், கருத்தரங்கு என்று அது துளித்துளியாகச் சேர வேண்டியது. அறிவியல் மாணவருக்கு இன்னொரு கண்டம் உண்டு. ஆசிரியர் கையெழுத்துப் போட்ட ரெக்கார்டு நோட்டு இல்லாவிட்டால் செய்முறைப் பரீட்சைக்குள் நுழைவதே கஷ்டம்.

கல்லூரிகள் பக்கம் குற்றம் இல்லையா? உண்டு. ஆறு பாடங்களின் ஆசிரியர்கள் ஆறு பேரும் ஒருவரை ஒருவர் கலந்துகொள்ளாமல் ஒரே வாரத்தில் அசைன்மென்ட் கேட்கும் கூத்து பல இடங்களில் நடக்கிறது. ஒருவர் வாயால் சொல்கிறார். ஒருவர் கரும்பலகையில் எழுதுகிறார். ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் இரவு பதினொரு மணிக்குப் போடுகிறார். மாணவன் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று சொல்லும் கல்லூரி முதலில் தன் தேதிகளை ஒழுங்கு செய்யட்டும். ஸெமஸ்டர் தொடக்கத்திலேயே எல்லாப் பாடத் தேதிகளையும் ஒரே தாளில் அச்சடித்துக் கொடுத்தால், பாதித் தொல்லை அன்றே தீரும்.

துறைமுகத்துக் குமாஸ்தா

மேஜை இல்லாமல் காகிதத்தைக் காப்பாற்றிய ஒருவரின் கதை இந்தத் துறைமுகத்திலேயே இருக்கிறது. கணித மேதை ராமானுஜன் கல்லூரிப் படிப்பில் தோற்றவர். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, 1906லும் 1907லும் எப்.ஏ. பரீட்சையில் தவறினார். கணக்கைத் தவிர மற்றப் பாடங்களைக் கைவிட்டதே காரணம். 1912 மார்ச் 1ந் தேதி சென்னைத் துறைமுக டிரஸ்டில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவானார்.

காகிதம் வாங்க அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, மறுபடி போடுவார். துறைமுகத்தில் சரக்கு கட்டிவந்த காகிதத்தைப் பொறுக்கி அதில் கணக்குப் போட்டார் என்றும் சொல்வதுண்டு. ஆனால் விடை கிடைத்ததும் அதைச் சிலேட்டிலேயே விட்டுவைக்கவில்லை, நோட்டில் எழுதிவிட்டார். முதல் நோட்டு 351 பக்கம். அதையே திருத்தி, விரித்து, இரண்டாம் நோட்டாக மறுபடியும் எழுதினார். 21 அத்தியாயங்கள், அவற்றின் பின்னால் ஒழுங்குபடுத்தாத பக்கங்கள் ஏறத்தாழ நூறு. ஆம், ராமானுஜனுக்கும் ஒழுங்குபடுத்த நேரமில்லாமல் போன பக்கங்கள் நூறு இருந்தன! மாணவர்கள் இதைக் கேட்டுச் சற்று மூச்சு விடலாம். ஆனால் ஒன்று: அவர் விடையை எழுதினாரே தவிர, அநேகமாக வழியை எழுதவில்லை. பின்னால் வந்த அறிஞர்கள் அந்த வழிகளைத் தேடிப் பல ஆண்டுகள் பாடுபட்டார்கள். இன்றைய மாணவன் இதை மட்டும் பின்பற்ற வேண்டாம். வழி எழுதாத கணக்குக்கு மதிப்பெண் போட ஹார்டி துரை வரமாட்டார்.

அந்த நோட்டுகள் பிழைத்தன. 1957ல் பம்பாயிலுள்ள டாட்டா ஆராய்ச்சி நிலையம் அவற்றை அப்படியே படமெடுத்து அச்சிட்டது. ஆனால் ராமானுஜன் தம் கடைசிக் காலத்தில் எழுதியவை தைத்த நோட்டில் இல்லை. தனித்தனித் தாள்களில் இருந்தன. அவற்றுக்கு நேர்ந்த கதியைப் பாருங்கள். 1920ல் அவர் மறைந்த பிறகு அவை சென்னைப் பல்கலைக் கழகத்துக்குப் போய், 1923ல் இங்கிலாந்திலிருந்த ஹார்டிக்கு அனுப்பப்பட்டன. பிறகு வாட்சன் என்ற கணிதப் பேராசிரியரிடம் போய்ச் சேர்ந்தன. வாட்சன் 1965ல் இறந்தார். அவர் வீட்டுக்குப் போன இன்னொரு அறிஞர் கண்டது என்ன? ஒரு பெரிய அறை முழுவதும், தரை தெரியாமல், ஓர் அடி உயரத்துக்குக் காகிதக் குப்பை. இன்னும் சில நாளில் எல்லாவற்றையும் கொளுத்துவதாக ஏற்பாடு. குவியலுக்குள் கையைவிட்டு அகப்பட்டதை எடுத்ததில், அதிர்ஷ்டவசமாக ராமானுஜன் தாள்கள் கிடைத்தன. பிறகு அவை கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூல் நிலையத்தில் கவனிப்பாரற்றுக் கிடந்து, 1976ல் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்க அறிஞரின் கண்ணில் பட்டன. ஐம்பத்தாறு வருஷ அஞ்ஞாதவாசம்!

வாட்சனுக்கு அறை இருந்தது, மேஜை இருந்தது, பேராசிரியர் பதவி இருந்தது. ராமானுஜனுக்குச் சிலேட்டும் நோட்டும்தான் இருந்தன. இதில் ஒழுங்கு யாரிடம் இருந்தது?

ராமானுஜன் பற்றிய காகிதங்களைத் தேடிச் சேர்த்ததும் வடசென்னைக்காரர்கள்தாம். முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியர் பி.கே. சீனிவாசன், அவருடைய கடிதங்களையும் அவரை அறிந்தவர்களின் நினைவுகளையும் தேடித் திரட்டினார். அவை 1968ல் நூலாயின. 1993ல் ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகம் தோன்றியதிலும் அந்த ஆசிரியரின் கை உண்டு. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ராயபுரத்தில் திரியும் மாணவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அம்மாவின் கம்பி

தைத்த நோட்டு பிழைக்கும். தனித் தாள் பறக்கும். ஓலைச் சுவடியில் துளையிட்டுக் கயிறு கோத்தவர்களுக்கு இது புதிதல்ல. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியதில்லை. பல வீடுகளில் அம்மாக்கள் ஒரு காரியம் செய்வார்கள். மின்சாரக் கட்டண ரசீது, காஸ் சீட்டு, சீட்டுப் பணம் கட்டிய துண்டு, எல்லாவற்றையும் வளைந்த கம்பி ஒன்றில் குத்தித் தொங்கவிடுவார்கள். வந்த வரிசையிலேயே அவை இருக்கும். எட்டு மாதத்துக்கு முந்திய ரசீதைக் கேளுங்கள். எண்ணி இரண்டு நிமிஷத்தில் எடுத்து நீட்டுவார்கள். படிக்காத அந்த அம்மாவுக்குத் தெரிந்த வித்தை, பி.காம். படிக்கும் மகனுக்குத் தெரியவில்லை. அவன் செல்போனில் நாலாயிரம் படம் இருக்கிறது. நண்பனின் கல்யாணம், கிரிக்கெட், மெரீனா, நடுவில் எங்கோ செலவுக் கணக்கியல் மூன்றாம் அலகு. கரும்பலகையைப் படமெடுத்தவுடனே பாடம் படித்தாகிவிட்டது என்று ஒரு மயக்கம். வாட்சன் வீட்டுத் தரையை எல்லாரும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிகிறார்கள் என்றே சொல்ல வேண்டும்.

பாடத்துக்கு ஆறு நோட்டு சுமக்க முடியாவிட்டால் தைத்த நோட்டு ஒன்று போதும். தேதி போட்டு அன்றன்றைக்கு நடந்ததை எழுதலாம். முதல் பக்கத்தில் ஒப்படைக்க வேண்டிய தேதிகள். விம்கோ நகரிலிருந்து மெட்ரோவிலோ, எண்ணூரிலிருந்து மின்சார ரெயிலிலோ போகிற மாணவனுக்கு உட்கார இடம் கிடைத்தால் அதுவே மேஜை. கிடைக்காத நாளும் உண்டு. கண்டெய்னர் லாரி வரிசையில் பஸ் சிக்கி நிற்கும் நாளும் உண்டு. இரண்டு நாள் விட்டுப்போனால் மூன்றாம் நாள் எழுதிக்கொள்ளட்டும். ஒரு மாதம் விட்டால்தான் சங்கடம்.

வெள்ளம் வந்தால்?

சான்றிதழ் சங்கதி வேறு. மதிப்பெண் பட்டியல், ஜாதிச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் எல்லாம் ரேஷன் கார்டோடு ஒரே டிரங்குப் பெட்டியில், கட்டிலுக்கு அடியில் இருப்பது இந்தப் பக்கத்து வழக்கம். கட்டிலுக்கு அடிதான் வெள்ளம் முதலில் வரும் இடம். 2015 டிசம்பரில் சென்னை அதைக் கண்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணெய் கலந்த வெள்ளம் எர்ணாவூர்ப் பக்கத்து வீடுகளுக்குள் புகுந்தது. தண்ணீரில் நனைந்த நோட்டை வெயிலில் உலர்த்தலாம். எண்ணெயில் ஊறிய நோட்டை என்ன செய்வது? சான்றிதழ் இழந்தவர்களுக்கு நகல் கொடுக்க இரண்டு முறையும் அரசு ஏற்பாடு செய்தது. நல்ல காரியம். ஆனால் இரண்டு வருஷம் எழுதிய நோட்டுக்கு நகல் கொடுக்கும் அலுவலகம் எங்கும் இல்லை. சான்றிதழை டிஜிலாக்கரில் ஏற்றிவைப்பதும், அசலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரண்மேல் ஏற்றுவதும் ஒரு மணி நேர வேலை. அக்டோபர் பிறக்குமுன் செய்துவிட வேண்டிய வேலை.

தெருவிளக்குக் கதை

இவ்வளவையும் கேட்டுவிட்டு, "அந்தக் காலத்தில் தெருவிளக்கில் படித்து முன்னுக்கு வரவில்லையா?" என்று ஒரு பெரியவர் கேட்பார். வந்தார்கள், அவர்களுக்கு வணக்கம். ஆனால் வராமல் போனவர்களின் கணக்கை யார் எடுத்தார்கள்? விளக்கு வைக்க வேண்டியவர்கள் விளக்கு வைக்காமல் தப்பித்துக்கொள்ள இந்தக் கதை உதவியாக இருக்கக் கூடாது.

பெண்கள் விஷயத்தில் இது இன்னும் கண்கூடு. பிராட்வேயில் உள்ள பாரதி மகளிர் கல்லூரியில்தான் 2022 செப்டம்பர் 5ந் தேதி 'புதுமைப் பெண்' திட்டம் தொடங்கப்பட்டது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். பையன்களுக்கு 'தமிழ்ப் புதல்வன்' 2024 ஆகஸ்டில் வந்தது. பணம் வந்தது, இடம் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் பாத்திரம், தண்ணீர்க் குடம், தம்பி தங்கை என்று வேலை காத்திருக்கும் பெண்ணுக்குப் படிக்க ஒரு மேஜையும் இரண்டு மணி நேர அமைதியும் ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்தவை அல்ல.

2024 நவம்பரில் கொளத்தூர் அகரத்தில் 'முதல்வர் படைப்பகம்' திறந்தார்கள். படிக்க மேஜை, புத்தகம், அமைதி எல்லாம் உள்ள இடம். அது போன்ற ஒன்று காசிமேட்டில் நடந்து போகும் தூரத்தில் வேண்டும். எர்ணாவூரில் ஒன்று வேண்டும். பஸ் ஏறிப் போக வேண்டிய படிப்பறைக்கு இருட்டிய பிறகு பெண்ணை அனுப்ப வீட்டில் சம்மதிப்பார்களா? புதிய கட்டடம் எழும்பும்வரை கல்லூரிகள் சும்மா இருக்கவும் வேண்டியதில்லை. வகுப்பறையின் பின்சுவரில் பூட்டோடு கூடிய சிறு இரும்புப் பெட்டிகள் வரிசையாக வைக்கலாம். ஆளுக்கு ஒன்று, சாவி அவரவரிடம். நோட்டும் ரெக்கார்டும் அங்கேயே இருக்கட்டும். சாப்பாட்டு டப்பா மட்டும் பையில் போகட்டும். கீழ்த்தளத்தில் இரண்டு அறைகளை இரவு எட்டு மணிவரை திறந்துவைக்க ஒரு காவலாளியும் இரண்டு டியூப் லைட்டும் போதுமே. மாலையில் பூட்டிக்கொண்டு போகும் அந்த அறைகளுக்குள் எத்தனை மேஜைகள் விடியும்வரை சும்மா கிடக்கின்றன!