ஆயாவுக்கு ஒரு மைக்!

மாரண்டஹள்ளிப் பக்கம் தக்காளித் தோட்டங்களில் இப்போதும் பாட்டு கேட்கிறது. ஆனால், பாடுவது செல்போன்! நாற்று நட ஒரு பாட்டு, தொட்டிலாட்ட ஒரு பாட்டு, சாவு வீட்டுக்கு ஓர் ஒப்பாரி என்று வேலைக்கொரு பாட்டு வைத்திருந்த ஊர்கள்தான் இவை. அந்தப் பாட்டெல்லாம் எங்கே போய்விட்டன?

கிட்டத்தட்ட இதே நிலைமை நூறு வருஷத்துக்கு முன்பு அமெரிக்காவிலும் இருந்தது. அங்கே கிராமத்துப் பாட்டைக் காப்பாற்றியதில் ஒரு உள்ளூர் வானொலிக்குப் பெரிய பங்குண்டு.

நாஷ்வில் நகரத்தில் 1925 அக்டோபரில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனி, தன் விளம்பரத்துக்காக வானொலி நிலையம் ஒன்றைத் தொடங்கியது. பெயர் டபிள்யூ.எஸ்.எம். அடுத்த மாதம் 28-ம் தேதி, சனிக்கிழமை ராத்திரி, ஜிம்மி தாம்சன் என்ற 77 வயதுத் தாத்தாவை மைக் முன்னால் உட்கார வைத்தார்கள். அவர் பிடிலில் கிராமத்து மெட்டுகளாக வாசித்துத் தள்ளினார். 'பட்டிக்காட்டுப் பாட்டெல்லாம் நம்ம ஊர் ரேடியோவிலா?' என்று நகரத்துப் பெரிய மனிதர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். கேட்டவர்களுக்கோ அதுதான் பிடித்தது. சனிக்கிழமைதோறும் அந்த நேரம் கிராமத்துப் பாட்டுக்கு என்று ஒதுக்கப்பட்டது. 1927-ல் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்று பெயர் வைத்தார்கள். இன்றும் அந்த நிகழ்ச்சி நடக்கிறது!

இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. மைக் முன்னால் உட்கார்ந்தது வயதானவர். வாரம் தவறாமல் அதற்கென்று ஒரு நேரம் இருந்தது.

நம் ஊரிலும் வானொலி இந்த வேலையைச் செய்திருக்கிறது. சென்னை நிலையம் 1938-லும் திருச்சி நிலையம் 1939-லும் வந்தன. சிவகங்கைச் சீமையின் கொல்லங்குடி கருப்பாயி, வானொலியில் நாட்டுப்புறப் பாட்டுப் பாடித்தான் பெயர் பெற்றார். 1985-ல் 'ஆண் பாவம்' படத்தில் அவர் நடித்ததெல்லாம் அதற்குப் பிறகு. ஊர்க் களத்துமேட்டோடு நின்றிருக்க வேண்டிய குரலை, ஒரு மைக் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோனது.

நம் மாவட்டத்துக்கு என்று தருமபுரி பண்பலை 102.5 இருக்கிறது. பண்பலை அலை ரொம்ப தூரம் போகாது. மலை குறுக்கே வந்தாலே தடுமாறும். ஆனால் அந்தக் குறையே ஒரு வசதி. பக்கத்து ஊர்க்காரர்களுக்காகவே பேசலாம், பாடலாம்.

வானொலி நிலையம்தான் வேண்டும் என்றும் இல்லை. உங்கள் கையில் இருக்கும் போனே ஒரு ஒலிப்பதிவுக் கூடம்தானே! இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். "ஆயா, ஒரு பாட்டுப் பாடு" என்று கேட்டால், "எனக்கு என்னடா பாட்டுத் தெரியும்?" என்பார்கள். "நாத்து நடும்போது என்ன பாடுவீங்க? அப்பாவை எப்படித் தூங்க வெப்பீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். வேலை ஞாபகம் வந்தால் பாட்டும் கூடவே வரும்.

உங்கள் வீட்டு அவ்வா தெலுங்கிலோ கன்னடத்திலோ பாடினால், அப்படியே பதிவு செய்யுங்கள். இந்தப் பக்கத்துப் பாட்டு எல்லா மொழியிலும் கலந்துதான் கிடக்கிறது. பாடியவர் பெயர், ஊர், எந்த வேலைக்கான பாட்டு, தேதி - நான்கையும் பதிவின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பத்து வருஷம் கழித்து, யார் குரல் என்றே பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது.

பாட்டைப் பிறகு தேடிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். பாடத் தெரிந்தவர்களுக்கு எழுபது, எண்பது வயதாகிறது.