சூரைச்செடியின் கீழ் ஒரு அடை

யூனிவர்சிட்டி இரண்டாம் வருடத்தில் எனக்கு ஜெபமே வரவில்லை. முழங்காலில் நின்றால் நித்திரைதான் வரும். சேர்ச்சில் ஒரு அன்ரியிடம் அதைச் சொன்னேன். "விசுவாசம் குறைஞ்சு போச்சு பிள்ளை, இன்னும் கூட ஜெபி" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் வீட்டுக்கு வந்து அழுதேன். ஏற்கெனவே ஒரு கோர்ஸ் ஃபெயில், இரவு வேலை வேறு. இப்போது கடவுளிடமும் ஃபெயில் என்று நினைத்தேன்.

உங்களில் யாராவது இப்போது அப்படி இருந்தால், 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள்.

எலியா லேசான ஆள் இல்லை. முந்திய அதிகாரத்தில்தான் கர்மேல் மலையில் அவர் ஜெபிக்க வானத்திலிருந்து அக்கினி இறங்கியது. உடனே யேசபேல் ராணி கொல்லுவேன் என்று ஆள் அனுப்புகிறாள். எலியா உயிருக்குப் பயந்து ஓடுகிறார். பெயெர்செபாவில் வேலைக்காரனை விட்டுவிட்டு, ஒரு நாள் தூரம் வனாந்தரத்தில் தனியே நடந்து, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், நான் சாக வேண்டும் என்கிறார். அப்படியே படுத்துத் தூங்கிவிடுகிறார்.

ஒரு தூதன் தட்டி எழுப்புகிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுக்கிறார். அவரைப் படுக்க விடுகிறான், அதுதான் எனக்குப் பிடித்த இடம்! இரண்டாம் முறை எழுப்பும்போதும் சாப்பிடத்தான் சொல்கிறான், பயணம் தூரம் என்று. ஓரேப் மலைக்கு 40 நாள் நடை. இங்கே உனக்கு என்ன வேலை என்று கடவுள் கேட்பதும், அந்த மெல்லிய சத்தமும் அங்கே போன பிறகுதான்.

நாங்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். களைத்து வருகிற பிள்ளையிடம் முதலில் கேள்வி கேட்கிறோம். (ஆராதனை முடிய றோல்ஸும் தேத்தண்ணியும் உண்டு. அதைக் குறை சொல்ல மாட்டேன்.)

சாக வேண்டும் போல் இருந்தால் மறைக்காதீர்கள். இன்றைக்கே யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். டொக்டரிடம் போவது விசுவாசக் குறைவு இல்லை. எலியாவுக்கும் அடையை வேறொருவர்தான் கொண்டுவந்து வைக்க வேண்டியிருந்தது.

போன மாதம் ஒரு தங்கச்சி இரவு பதினொரு மணிக்கு மெசேஜ் போட்டாள், "அக்கா, ஜெபிக்க ஏலாமல் இருக்கு" என்று. வசனம் ஒன்று அனுப்பத்தான் கை போனது. பிறகு அதை அழித்துவிட்டு, "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். இல்லையாம். கொத்துரொட்டி வாங்கிக்கொண்டு போனேன்.