தூபி சிலருக்கு, துயரம் எல்லோருக்கும்

ஆண்டுதோறும் மே மாதம் 19ஆம் நாள், நாடாளுமன்றத்தை அடுத்துள்ள படைவீரர் நினைவுத்தூபியின் முன் நாட்டின் பெயரால் மலர் வைக்கப்படுகிறது. அதற்கு முந்திய நாள் முள்ளிவாய்க்கால் மணலில் தாய்மார் விளக்கேற்றி அழுகின்றனர். ஒரே போரின் முடிவு. ஒரே ஒரு நாள் இடைவெளி. ஆயினும் இரு வேறு நாடுகளில் நடப்பன போன்ற இரு காட்சிகள்! கல்முனையிலும் அதனைச் சூழ்ந்த கரையோர ஊர்களிலும் வாழும் முஸ்லிம்களாகிய நாமோ இவ்விரண்டையும் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பவர்களாக இருக்கிறோம். ஆனால் இப்போரில் எம் வீட்டுக் கதவு தட்டப்படவில்லையா? எம் மையவாடிகளில் புதுக் கபுறுகள் வரிசையாகத் தோண்டப்படவில்லையா?

மாண்ட படைவீரனை மதிப்பது தவறென்று கூற நாம் வரவில்லை. 2006 ஆகஸ்ட் முதல் போர் முடியும்வரை படைத்தரப்பில் 6,261 பேர் மாண்டனர், 29,551 பேர் காயமுற்றனர் என்று 2009 மேயில் அரசாங்கமே கணக்குக் கூறிற்று. அம்மாண்டோரிற் பெரும்பாலோர் யார்? மழையை நம்பிப் பயிரிடும் வறண்ட வலயத்துக் குடியானவரின் பிள்ளைகள். போரை வேண்டுமென்று மேடையில் முழங்கியோரின் பிள்ளைகள் அவ்வரிசையில் எத்தனை பேர் என்று கேட்டால் விடை கிடையாது. உயிரோடு மீண்டவனின் கதையும் அதுவே. கால் இழந்த படைவீரர்கள் ஓய்வூதியங் கேட்டுக் கொழும்புத் தெருவில் இறங்கிப் போராடியதை இந்நாடு கண்டதன்றோ? கல்லுக்குச் செய்யும் மரியாதையைக் கால் இழந்தவனுக்குச் செய்யத் தயங்கும் அரசின் வீரவணக்கம் எத்தகையது என்பதை அறிவுடையோர் எண்ணிப் பார்க்கட்டும்.

மார்ச் 21ஆம் நாளைப் பொலீசார் தம் வீரர் தினமாக அனுட்டிக்கின்றனர். 1864இல் அந்நாளில், சரதியலைப் பிடிக்கச் சென்ற சபான் என்ற மலாய் முஸ்லிம் கான்ஸ்டபிள் சுடப்பட்டு இறந்தார். கடமையில் உயிர் நீத்த முதற் பொலீஸ்காரர் அவரே. அவரைச் சுட்டவன் சரதியலின் கூட்டாளியான மம்மலே மரிக்கார், அவனும் முஸ்லிம். இனத்தைக் கொண்டும் மதத்தைக் கொண்டும் வீரனையும் கொலைஞனையும் வகுப்போர் இதனை நினைவிற் கொள்வார்களாக.

சபானை நினைக்கும் அத்துறை, 1990 ஜூன் 11ஐ எவ்வாறு நினைக்கிறது? அன்று கிழக்கிலங்கையின் பொலீஸ் நிலையங்களைப் புலிகள் சூழ்ந்தனர். எதிர்த்து நிற்க முயன்றோருக்கும் ஆயுதங்களைக் கையளித்துச் சரணடையுமாறு கொழும்பிலிருந்து கட்டளை வந்தது. கட்டளையை மதித்தார்கள்; அதுவே அவர்கள் செய்த குற்றம். கல்முனை உட்படப் பல நிலையங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட சிங்கள, முஸ்லிம் பொலீசார் அறுநூறு பேர் அளவிற் கொல்லப்பட்டனர். அவர்களிற் பலரின் உயிர் போன இடம் திருக்கோவிலை அடுத்த ரூபஸ் குளத்துக் காடு. சரணடைந்தவனைக் கொல்வது எந்த நாட்டுப் போர்ச் சட்டத்திலும் கொலையே. சுட்டவனும் தண்டிக்கப்படவில்லை, சரணடையச் சொன்னவனும் விசாரணைக் கூண்டில் ஏறவில்லை. மேடையில் அவர்களை வீரர் என்று புகழ்வது எளிது. அவர்களை அக்காட்டுக்கு அனுப்பிய கட்டளை எவருடைய பொறுப்பு என்று கேட்பதுதான் கடினம். பாராட்டு, பல வேளைகளில், விசாரணையைத் தவிர்ப்பதற்கான மிகக் குறைந்த செலவுள்ள வழியாகிவிடுகிறது.

அடுத்து நடந்ததை நாம் மறைத்தல் தகாது. அதே ஜூன் மாதத்தில் இராணுவம் கல்முனையை மீளக் கைப்பற்றியபோது எம் அயலிலே வாழ்ந்த தமிழ்ப் பொதுமக்கள் பலர் பிடித்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர். பொலீசாரைக் கொன்றவர்கள் அவர்களல்லர்; கொன்றவர்கள் அப்போது காட்டிலே இருந்தனர். ஆகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்கள் இரண்டில் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆகஸ்ட் 11 நள்ளிரவு கடந்து 12 விடியுமுன் ஏறாவூரில் பெண்கள், குழந்தைகள் உட்பட நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் மாண்டனர். அதே ஆகஸ்ட் 12ஆம் நாள், சம்மாந்துறைக்கு அருகில் வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழ் மக்கள் கொல்லப்பட்டனர். கொன்றவர்களுள் எம்மவரான ஊர்காவற் படையினரும் இருந்தனர் என்பது அவ்வூர் மக்களின் சாட்சியம். அதனைக் கேளாதார் போல் முகம் திருப்புவோமாயின், காத்தான்குடிக்காக நியாயங் கேட்கும் எம் நாவுக்கு வலுவிராது.

ஆகஸ்ட் 12! ஏறாவூரார் ஷுஹதாக்களுக்காகக் கத்தம் ஓதும் நாளும், வீரமுனையார் தம் மாண்டோருக்கு விளக்கேற்றும் நாளும் ஒன்றே. ஆண்டு முப்பதைத் தாண்டியும் இவ்வூரின் அழுகையை அவ்வூர் கேட்டதில்லை.

எம் மாவட்டத்துக் கணக்கு இத்துடன் முடிவதுமில்லை. 1986 பெப்ரவரி 19இல் உடும்பன்குளத்து வயலிலே அறுவடை வேலையில் இருந்த தமிழ் விவசாயிகள் படையினராற் கொல்லப்பட்டு வைக்கோலோடு எரிக்கப்பட்டனர். 1987 ஜூன் 2இல் அரந்தலாவையில் பஸ்ஸிலே சென்ற முப்பதுக்கு மேற்பட்ட பிக்குகள், பெரும்பாலும் சிறுவரான சாமணேரர்கள், புலிகளால் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டனர். வயலுக்குப் போன விவசாயியும் பஸ்ஸிலே போன பிக்குச் சிறுவனும் எந்தப் படைக்குத் தளபதிகளாய் இருந்தார்கள்? போரின் விலையைச் செலுத்துபவன் போரைத் தொடங்கியவனல்லன் என்பதற்கு அம்பாறை மாவட்டம் ஒன்றே போதிய சாட்சி.

விவசாயிகளாகிய வாசகர்களுக்கு இன்னொரு விலையை எடுத்துரைக்க வேண்டியதில்லை; அவர்கள் எம்மைவிட நன்கறிவர். தமிழன் வட்டைக்கு முஸ்லிம் போக அஞ்சிய போகங்களும், முஸ்லிம் ஊரைக் கடந்து களவெட்டிக்குப் போகத் தமிழன் அஞ்சிய போகங்களும் எத்தனை? கல்லோயா நீர் வாய்க்காலில் ஓடிக்கொண்டிருக்க வயல் தரிசாய்க் கிடந்தது. போடியாரும் வயற்காரரும் ஒருவரையொருவர் நம்பிச் செய்த பயிர்த்தொழில் அது. அந்த நம்பிக்கை முறிந்ததற்கு எந்த ஆணைக்குழு நட்டஈடு மதிப்பிட்டது?

சட்டத்தொழிலில் இருக்கும் நமக்கு இன்னொன்று கண்ணில் உறுத்துகிறது. உடல் கிடைக்காத மரணம். கணவன் இறந்தாற் பெண் இத்தா இருக்க வேண்டிய காலம் நான்கு மாதமும் பத்து நாளும். எந்த நாளிலிருந்து எண்ணுவது? தமிழ்த் தாய் மகனுக்குத் திதி கொடுக்க வேண்டும். எந்தத் திதி? எம் சமயம் காயிப் ஜனாஸாத் தொழுகையேனும் அனுமதிக்கிறது. சட்டமோ நெடுங்காலம் வாய் திறக்கவில்லை. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் மரணச் சான்றிதழ் பெற வழி செய்தது. ஆனால், இறந்தான் என்று தாயே ஒப்பமிட வேண்டிய கொடுமை அதில் இருந்தது. 2016இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, காணாமற்போனவர் என்று சான்றிதழ் பெறும் உரிமை கிடைத்தது. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகமும் 2016இற் சட்டமாகி 2018இல் இயங்கத் தொடங்கிற்று. பத்திரம் கிடைத்தது, பிள்ளை எங்கே என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை.

இனி, மாவீரர் பற்றிய வினா. கஞ்சிகுடிச்சாற்றிலும் ஏனைய இடங்களிலும் இருந்த துயிலும் இல்லங்களைப் படையினர் உடைத்தெறிந்தனர். திருகோணமலையில், நிலாவெளி வீதியிலே, இரண்டாம் உலகப் போரில் மாண்ட அந்நியப் பேரரசின் படைவீரர்களுடைய கல்லறைகள் புல் வெட்டிப் பேணப்படுகின்றன. கடல் கடந்து வந்து மாண்டவனுக்குள்ள கல் இந்நாட்டுத் தாய் பெற்ற பிள்ளைக்கு இல்லையாம்! 2020 நவம்பரில் நினைவுகூரலைத் தடுக்கப் பொலீசார் நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி இறங்கினர். இதே அரசுக்கு எதிராக இருமுறை ஆயுதம் தூக்கிய மக்கள் விடுதலை முன்னணியோ ஆண்டுதோறும் நவம்பர் 13இல் தன் மாண்ட தோழர்களைப் பகிரங்கமாக நினைவுகூர்கிறது. அக்கட்சியின் தலைவர் 2024 செப்டெம்பரில் சனாதிபதியாகவே தெரிவானார். தென்னிலங்கைத் தாய்க்கு உள்ள உரிமை கிழக்கிலங்கைத் தாய்க்கு ஏன் இல்லை?

இங்கே எம்மவர் சிலர் சீறுவர். “பள்ளிவாசலிற் சுட்டவனுக்கும் விளக்கா?” என்பர். நியாயமான கேள்வி; அதனைத் தட்டிக் கழிக்க முடியாது. நம் விடை இது: துக்கம் வேறு, கௌரவம் வேறு. பெற்றவள் அழுவதற்கு அவள் மகன் நல்லவனாய் இருந்திருக்க வேண்டுமென்ற நிபந்தனை எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் அவள் கண்ணீர் அவனுக்கு விடுதலைத் தீர்ப்பும் ஆகாது. காத்தான்குடிக்கும் ரூபஸ் குளத்துக்கும் பொறுப்பான இயக்கத்தை அப்பழுக்கற்றதென்று மேடையிற் போற்றினால் நாம் எதிர்ப்போம். கல்லறையில் விளக்கேற்றும் கையைத் தட்டிவிட மாட்டோம். இதே அளவுகோல் அரச படைக்கும் உரியது. மாண்ட சிப்பாயை மதிப்போம். உடும்பன்குளத்தை அவன் சீருடையால் மூடிவிட அனுமதியோம்.

கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011 நவம்பரில் அளித்த அறிக்கையில், பெப்ரவரி 4ஆம் நாள் விழாவில், போரிற் பாதிக்கப்பட்ட அனைவருக்குமாகத் தனி நிகழ்வொன்று நடத்தப்பட வேண்டும் என்று விதந்துரைத்தது. அரசே நியமித்த ஆணைக்குழு அது. 2015இல் சுதந்திர நாளன்று சமாதானப் பிரகடனம் ஒன்று வாசிக்கப்பட்டது. பின்னர் அது நிலைத்த வழக்கமாகவில்லை. கொழும்பு செய்யும்வரை கல்முனை காத்திருக்க வேண்டியதில்லை என்பது நம் கருத்து. ஜப்பானின் ஒகினாவாத் தீவில் 1995இல் ஒரு நினைவகம் எழுப்பினார்கள். 1945இல் அங்கு நடந்த போரில் மாண்ட 2,40,000 பேருக்கு மேற்பட்டோரின் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. தீவின் குடிமக்கள், ஜப்பானியச் சிப்பாய்கள், அவர்களோடு பொருத அமெரிக்கர்கள், கொரியர்கள் ஆகியோரின் பெயர்கள் பட்டம், பதவி இன்றி அடுத்தடுத்து நிற்கின்றன.

கல் எழுப்பக் காணி வேண்டும், பணம் வேண்டும், அனுமதி வேண்டும்; எல்லாவற்றுக்கும் மேலாக, கல்முனையிற் பிரதேச செயலகத்துக்கே எல்லை பிரிக்க முடியாமல் நிற்பவர்கள் நாம். ஆகவே ஓர் ஏட்டுடன் தொடங்குவோம். பெரிய நீலாவணை முதல் பொத்துவில் வரை ஒவ்வோர் ஊரிலும் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையும் கோயில் பரிபாலன சபையும் தேவாலயத்தாரும் சேர்ந்தமர்ந்து மாண்டோர், காணாமற்போனோர் பெயர்களை எழுதுக. பெயர், ஊர், தொழில், நாள், இடம், உடல் கிடைத்ததா இல்லையா என ஆறு கூறுகள் போதும். வீரன், தியாகி, துரோகி என்ற சொற்களுக்கு அதில் இடம் வேண்டா. உறவினரின் சத்தியக் கடதாசிகளைக் கட்டணமின்றி எழுதிக் கொடுக்க இக்கரையோரத்துச் சட்டத்தரணிகள் முன்வர வேண்டும்; நாம் முன்வருகிறோம். ஆசிரியர்கள் பாடசாலை வரவுப் பதிவேடுகளைப் புரட்டுக. வயற்பக்கத்துப் பெயர்களுக்கு வட்டை விதானைமாரைக் கேளுங்கள். எந்தப் போகத்தில் எந்த வரம்புக்கு ஆள் வராமற்போனான் என்பது அவர்களுக்கு மனப்பாடம். 1990இல் நாற்பது வயதாயிருந்தவர் இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார். அவர்கள் இருக்கும்போதே எழுதினால்தான் அது சாட்சியமாகும்.

முதற் பெயர்களை ஓர் ஆகஸ்ட் 12ஆம் நாள் ஏறாவூராரும் வீரமுனையாரும் மாறி வாசிக்கலாம் என்பது நம் யோசனை. ஏறாவூர்ப் பட்டியலை வீரமுனையார் ஒருவரும் வீரமுனைப் பட்டியலை ஏறாவூரார் ஒருவரும் வாசித்தால் அரை மணி நேரத்துக்கு மேற் செல்லாது.